கத்தியைத் தடுத்தவர்கள் தீனியைத் தந்தார்களா?

இரக்கம் என்னும் பெயரைச் சூடிக்கொண்டு ஒரு சட்டம் வரும்போது அதற்கு மாறு கூற எவருக்கும் நாக் கூசும். வாயில்லாப் பிராணிகளுக்காக வந்த மசோதாவை எதிர்ப்பவன் கல்நெஞ்சன் என்றே ஊர் கருதும். பேசுபவன் முஸ்லிமாகவும் இருந்துவிட்டால், இறைச்சிக்காகப் பேசுகிறான் என்று ஒரே சொல்லில் அவன் வாயை அடைத்துவிடலாம். இந்த அச்சத்தால் நம்மவரில் கற்றோர் பலர் மௌனம் பூண்டிருக்கின்றனர். அந்த மௌனம் தகாது என்பதே நமது கருத்து. இரக்கத்தை அளந்து பார்ப்பதற்கான அளவுகோல் நம் மார்க்க நூல்களிலேயே இருக்கிறது.

அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தை எடுத்துக்கொள்வோம். 1964ஆம் ஆண்டின் அம்மாநிலச் சட்டம் பசுவை அறுப்பதைத் தடுத்தது. ஆயினும் 12 வயது கடந்த எருதையும் எருமையையும் அதிகாரியின் சான்று பெற்று அறுக்க இடமளித்தது. 2020 டிசம்பர் 9ஆம் நாள் அங்குள்ள சட்டப்பேரவை புதிய மசோதாவொன்றை நிறைவேற்றிற்று. 2021 ஜனவரியில் அது அவசரச் சட்டமாக வந்தது. பிப்ரவரி 8இல் மேலவையும் இசைந்தது. அதன்படி, நோய் முதலிய சில விலக்குகள் நீங்கலாக, பசு, கன்று, காளை, எருது ஆகியவற்றை எந்த வயதிலும் அறுக்கலாகாது. 13 வயதுக்குட்பட்ட எருமைக்கும் இதே தடைதான். மீறி அறுப்பவனுக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. மாடு ஒன்றுக்கு 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். அறுப்புக்கென்று விற்பதும் வாங்குவதும் குற்றமே.

இதன் அருகில் இன்னொரு சட்டத்தை வைத்துப் பாருங்கள். 1960ஆம் ஆண்டின் மத்தியப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் அது. தன் பிராணிக்குப் போதிய தீனியும் நீரும் கொடாதிருப்பதும், பசியாலும் தாகத்தாலும் அது வாடும் நிலையில் அதனைக் கைவிடுவதும் அச்சட்டப்படி குற்றங்கள். தண்டனை என்ன தெரியுமா? முதற் குற்றத்திற்கு அது வகுத்த உச்ச அபராதம் 50 ரூபாய்!

இவ்விரு சட்டங்களும் சேர்ந்து ஓர் ஏழை உழவனுக்குக் கற்பிக்கும் பாடம் யாது? உழுது ஓய்ந்த கிழ எருதை அவன் அறுப்புக்குக் கொடுத்தால் சிறைவாசம். நள்ளிரவில் கயிற்றை அவிழ்த்து நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டால் 50 ரூபாய். ஒரு கணத்தில் முடியும் மரணத்திற்குப் பெருந்தண்டனை; மாதக்கணக்கில் நீளும் பட்டினிக்குச் சில்லறைக் காசு. இதற்குப் பெயர் ஜீவகாருண்யமா?

நமது ஃபிக்ஹு நூல்கள் இந்தச் சிக்கலை அன்றே கண்டு வழி சொல்லியிருக்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞரும் 'சுல்தானுல் உலமா' என்று போற்றப்பட்டவருமாகிய இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 660இல் மறைந்தார்கள். மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்திய அவர்கள், முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போன பிராணிக்கும் தீனி கொடுப்பது உடையவனின் கடமை என்றார்கள். உடையவன் அக்கடமையைச் செய்யாவிட்டால்? தீனி கொடு, அல்லது விற்றுவிடு, அல்லது உண்ணத் தகுந்த பிராணியாயின் அறுத்துவிடு என்று மூன்றில் ஒன்றைச் செய்யுமாறு நீதிபதி அவனைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்பது நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஷாஃபிஈ சட்டம்.

மூன்று வாயில்கள் இருந்தன. இன்றைய சட்டம் விற்கும் வாயிலையும் அறுக்கும் வாயிலையும் பூட்டுகிறது. பூட்டும் அதிகாரம் தனக்கு உண்டென்று அரசு கூறுமாயின், தீனி என்னும் மூன்றாம் வாயிலைத் திறந்து வைக்கும் கடமையும் அரசினுடையதே. கோசாலைகள் உண்டே என்பர். 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பைப் புரட்டுக. 1955 முதல் பசுவதைத் தடைச் சட்டம் உள்ள உத்தரப் பிரதேசத்தில் கேட்பாரற்றுத் திரியும் மாடுகள் சுமார் 11.84 லட்சம், 2012இல் இருந்ததைவிட இது அதிகம். டிராக்டர் வந்து எருதின் வேலையைப் பறித்ததும் இதற்கொரு காரணமே, மறுக்கவில்லை. வேலையை இழந்த எருதுக்குத் தீனி யார் கொடுப்பது என்பதுதான் நம் கேள்வி.

உச்சநீதிமன்றம் இதனை ஒரு காலத்தில் உணர்ந்திருந்தது. பயனற்ற கால்நடைகள் பயனுள்ளவற்றின் தீவனத்தைப் பறிக்கின்றன என்று கருதி, வேலைக்காகாத எருதையும் எருமையையும் அறுப்பதற்கு முழுத் தடை தகாது என 1958இல் தீர்ப்பளித்தது. 2005இல் குஜராத் வழக்கில் ஏழு நீதிபதிகளில் அறுவர் அதனை மாற்றினர். கிழ மாடும் சாணம் தருகிறது; ஆகவே அது பயனற்றதன்று என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. தீர்ப்பை மதிக்கிறோம், ஆனால் சாணத்திற்கும் தீனி வேண்டுமே!

பிறரைக் கேட்ட நாம் நம்மவரையும் கேட்டாக வேண்டும். அறுக்குமுன் கத்தியைக் கூர்மையாக்கவும் பிராணியின் வேதனையைத் தணிக்கவும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கிடத்தப்பட்ட ஆட்டின் கண்ணெதிரே கத்தி தீட்டியவரைக் கடிந்தார்கள். ஒன்றன் முன்னிலையில் மற்றொன்றை அறுப்பதை நம் ஃபுகஹாக்கள் வெறுத்தார்கள். இந்திய அரசின் அறுப்புக்கூட விதிகள் அதையே 2001இல் தடை செய்தன. பன்னூறாண்டுகள் முன்பே இதனை ஓதிய சமுதாயத்தில், ஹஜ்ஜுப் பெருநாள் அன்று நடப்பதென்ன? நெருக்கி ஏற்றிய லாரியில் கால் முறிந்து இறங்கும் மாடு. வெயிலில் நீரின்றிக் கட்டிக்கிடக்கும் ஆடு. தன் இனத்தின் இரத்தத்தைப் பார்த்து நடுங்கி நிற்கும் மற்றொன்று. குர்பானி நமது உரிமை என்று முழங்குவோர், அப்பிராணிக்கும் நம்மீது உரிமை உண்டென்பதை மறக்கலாமா? ஒவ்வொரு ஜமாஅத்தும் பெருநாளுக்கு முன்பே நிழலும் நீரும் மறைவிடமும் தேர்ந்த கையும் ஏற்பாடு செய்வது கடமை. நம் முற்றத்தில் இரக்கம் இல்லையேல், சட்டமன்றத்தை நோக்கி எழுப்பும் நம் குரலுக்கு மதிப்பும் இல்லை.

உண்மையான பிராணிநல மசோதா எது? கிழ மாட்டுக்கு உழவனிடம் தீவனப் படி கொடுப்பது, அல்லது நியாய விலையில் அரசே அதனை ஏற்பது. கைவிடுதலுக்குரிய 50 ரூபாயை உறுத்தும் தண்டனையாக உயர்த்துவது. போதிய அறுப்புக்கூடங்களும் கால்நடை மருத்துவரும் ஊர்தோறும் கிடைக்கச் செய்வது. லாரி நெருக்கடியைச் சாதி மதம் பாராது தண்டிப்பது. அத்தகைய மசோதா எந்தக் கட்சியின் கையிலிருந்து வந்தாலும் முதல் வரவேற்பு நம்மிடமிருந்தே எழ வேண்டும். அதுவரை, மாட்டின் பெயரால் மனிதனைச் சிறையிட்டு, மாட்டைத் தெருவில் பட்டினி போடும் எந்தச் சட்டத்தையும் இரக்கம் என்று அழைக்க நாம் உடன்படோம்.