நடவின் சுமையை யார் சுமப்பது?

கேமரன் மலையில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. இங்கே நடவுக்கு நாள் குறிப்பது மழைதான். பிப்ரவரி வறட்சி முடிந்து மார்ச்சில் தூறல் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் வலுக்கும். அக்டோபர், நவம்பரில் மறுபடியும் கொட்டித் தீர்க்கும். பெருந்தோட்டக்காரர்கள் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஆண்டு முழுக்க நடுகிறார்கள். திறந்த பாத்தியில் கோபிசும் (முட்டைக்கோசு) சவியும் (கடுகுக் கீரை) போடும் சிறு விவசாயிக்குத்தான் இந்த மாதங்களில் வயிற்றைக் கலக்குகிறது.

நாற்றுத் தட்டில் மூன்று நான்கு வாரம் வளர்ந்து, நாலைந்து இலை விட்ட கன்றை வெயில் தாழ்ந்தபின் எடுக்கிறார்கள். வேர்மண் உதிராமல் குழியில் இறக்கி, இரண்டு விரலால் சுற்றி அழுத்துகிறார்கள். அடுத்த சில வாரங்களுக்கு அந்தப் பாத்தியில் பாதிக்கு மேல் வெற்று மண்தான். பக்கத்துச் சரிவில் தேயிலை நெருக்கமாகப் படர்ந்து நிற்பதால் மழை இலையில் விழுந்து மெதுவாக இறங்குகிறது. காய்கறிப் பாத்திக்கு அந்தக் காப்பு இல்லை. பிற்பகலில் ஒரு பெருமழை அடித்தால் போதும், வாய்க்கால் பால் தேநீர் நிறத்தில் ஓடும். கடனுக்கு வாங்கிப் போட்ட எருவும் உரமும் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

போகிற மண் பெர்த்தாம் ஆற்றில் இறங்குகிறது. அங்கிருந்து ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்கு. 1963இல் கட்டி முடித்த அதன் சுல்தான் அபு பாக்கார் அணையில் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் சேறு நிற்கிறது. மின் நிறுவனமான தெனாகா நேஷனல் அதைத் தூர் வாரிக்கொண்டே இருக்கிறது. 2013 அக்டோபரில் அணை நீரைத் திறந்துவிட நேர்ந்தபோது பெர்த்தாம் வேலி மக்கள் வீடுகளையும் உயிர்களையும் இழந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் மீண்டும் வெள்ளமும் சேறும். 2024 ஜனவரியில் புளூ வேலியில் மலை சரிந்து மியன்மார் நாட்டவர் ஐவர் மண்ணுக்குள் புதைந்து மாண்டார்கள். காடழிப்பு, கட்டடங்கள், கண்மூடித்தனமான சரிவு வெட்டு என்று காரணங்கள் பல. காய்கறிப் பாத்தியும் அவற்றில் ஒன்று என்பதை மறைத்துப் பயனில்லை.

அதற்காக விவசாயியை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. விதை, எரு, கூலி, லோரி வாடகை எல்லாம் அவர் முன்பணம். விலை மட்டும் செலாயாங் மொத்தச் சந்தையில் வேறொருவர் சொல்வது. எல்லாரும் ஒரே வாரத்தில் அறுத்தால் கோபிஸ் விலை தரைமட்டம். நிலமும் உறுதியில்லை; ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய டி.ஓ.எல். எனும் தற்காலிக உரிமத்திலேயே இம்மலையில் பலர் காலம் தள்ளியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாத நிலத்தில் படிக்கட்டுப் பாத்தி அமைக்கவும் ஓரத்தில் வெட்டிவேர் நடவும் யார் பணம் போடுவார்? பச்சைக் கோழி எருவைக் கொட்டி ஈ மொய்க்க விடுவதும், மருந்தைக் கூடுதலாக அடிப்பதும் அந்த உறுதியின்மை தரும் அவசரத்தின் பிள்ளைகள்.

ஆகவே, சாப்பிடுகிறவர்கள் நடவின்போதே உள்ளே வரவேண்டும் என்கிறோம். ஜப்பானில் 1970களில் இல்லத்தரசிகளும் விவசாயிகளும் கைகோத்துத் தொடங்கிய 'தெய்கெய்' முறை இதுதான். 1986இல் அமெரிக்காவின் வடகிழக்கில் சில பண்ணைகள் இதே வழியில் இறங்கின. குடும்பங்கள் பருவத்துக்கு முன்பே பங்குப் பணம் கட்டுகின்றன. விளைச்சல் வந்தால் வாராவாரம் கூடை வரும். மழை கெடுத்தால் கூடை சிறுக்கும், பணம் திரும்பாது. இடர் ஒருவர் தலையில் விழாமல் பல வீடுகளுக்குப் பிரிகிறது.

பங்கு கட்டியவருக்கும் கடமை உண்டு. இலையில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் முகம் சுளிக்கக் கூடாது. பணம் வாங்கிய விவசாயி பாத்தியைச் சரிவின் குறுக்கே போட வேண்டும். வெற்று மண்ணைப் புல்லாலோ வைக்கோலாலோ மூட வேண்டும். ஆற்றங்கரையை விட்டு விலக வேண்டும். எருவை மக்கவைத்தே இட வேண்டும். இயற்கை வேளாண்மை குறித்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலமாகத் தமிழிலும் சொல்லி வருகிறது. கற்றுக்கொள்ள ஆளில்லை என்று யாரும் கைவிரிக்க முடியாது. பகாங் அரசும் நில அலுவலகமும் சரிவைக் காப்பவருக்கு நீண்டகாலக் குத்தகை தரட்டும், மீறினால் பறிக்கட்டும். வேலையாட்கள் தங்கும் குடிசை எந்த மேட்டுக்கு அடியில் நிற்கிறது என்பதை மாவட்ட மன்றம் ஒவ்வொரு மழைக்கு முன்பும் போய்ப் பார்க்க வேண்டும். புளூ வேலியில் மாண்ட ஐவரும் இந்த மலையில் வாழ்ந்தவர்கள்தாம்.

தமிழர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. 1929இல் போ (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலம் முதல் இந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியவர்கள் நம் முன்னோர். லயத்துப் பின்கட்டில் அவரையும் கீரையும் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சம்பளக்காரர்கள். பங்கு கட்ட அவர்களால் முடியும். மலை மண்ணின் அருமையும் அவர்கள் அறியாததல்ல.

தொடங்க நல்ல நேரம் தைப்பூசம் முடிந்த கையோடு. கோயில் நிர்வாகமோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ முப்பது குடும்பங்களின் பெயரை எழுதி, மலையில் ஒரு விவசாயியோடு எழுத்தில் உடன்பாடு செய்யட்டும். பிப்ரவரி கடைசியில் நாற்றுத் தட்டில் விதை விழுந்தால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி முதல் சவிக் கட்டு வீடு வந்து சேரும். கோபிசுக்கு இன்னும் ஒன்றரை மாதம் பொறுக்க வேண்டும்.