நூறு பெற்றவன் கடைசியில் நின்ற கதை

சென்ற தவணைப் பரீட்சை முடிந்ததும், எமது வகுப்பின் புள்ளிகள் அடங்கிய கோப்பைக் கணினியிடம் ஒப்படைத்தோம். ‘பேர்ள்’ என்னும் மொழியிலே சிறு நிரலொன்று எழுதி, கோப்பை வரி வரியாக வாசித்து, கூடிய புள்ளி பெற்றவர் முதலாக அனைவரையும் நிரைப்படுத்துமாறு பணித்தோம். இமைப்பொழுதில் வந்த பட்டியலை அறிவித்தற் பலகையிலும் ஒட்டிவிட்டோம்.

மாலையில் மாணவனொருவன் வந்தான். “நான் நூறு எடுத்தனான், சேர். என்ரை பேர் கடைசியிலை கிடக்குது” என்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

பிழை எங்கே நேர்ந்தது?

பேர்ள் மொழியை 1987 இல் வெளியிட்டவர் லாரி வால் என்னும் அமெரிக்கர். அதன் சிறந்த கருவிகளுள் ஒன்று ‘ஹாஷ்’. தபாற் கந்தோரிலே கடிதங்களைப் பிரித்திடும் சிற்றறைகளை நேயர்கள் கண்டிருப்பர். ஹாஷும் அத்தகையதே. மாணவனின் சுட்டெண்ணைக் கொடுத்தால், கணினி அதனைக் கொண்டு ஒரு கணக்குச் செய்து, இன்ன அறை என்றறிந்து, நேரே அங்கு சென்று புள்ளியை எடுத்துவரும். ஆயிரம் பேர் இருப்பினும் ஒவ்வொருவராகத் தேட வேண்டுவதில்லை. ஆயின், இவ்வேகத்துக்கு ஒரு விலையுண்டு. நாம் இட்ட ஒழுங்கை ஹாஷ் பேணுவதில்லை. 2013 இல் வந்த 5.18 ஆம் பதிப்பு முதலாக, நிரலை இயக்குந்தோறும் அவ்வொழுங்கு மாறவுங் கூடும். ஆதலால், ‘சோர்ட்’ என்னும் கட்டளையால் நாமே நிரைப்படுத்தல் வேண்டும்.

அங்கேதான் நாம் சறுக்கினோம். வேறொன்றும் சொல்லாவிடின், சோர்ட் எண்களையும் சொற்களாகவே கருதி, அகராதி முறைப்படி இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடும். 98 இன் முதல் இலக்கம் 9. 45 இன் முதல் இலக்கம் 4. 100 இன் முதல் இலக்கமோ 1. ஆகவே, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியபோது, நூறு எல்லாவற்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. முன்னர் நாம் பரிசோதித்த பத்து வரிகளிலும் ஈரிலக்கப் புள்ளிகளே இருந்தமையால், பிழை வெளிப்படவில்லை.

எண்களாக ஒப்பிடுமாறு கட்டளையைத் திருத்தினோம்; பட்டியல் நேராயிற்று. மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அம்மாணவனிடம் எமது தவறை ஒப்புக்கொண்டோம்.

மாணவர்களே, நிரலொன்றை எழுதினால், மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் இட்டுப் பாருங்கள். கணினி பொய் சொல்லவில்லை. நாம் சொல்லாததைத் தன் வழக்கப்படி செய்தது. அதன் விடையைச் சரிபார்க்காது பலகையில் ஒட்டியது எமது கையன்றோ?