கிழிச்சால் என்ன குறைஞ்சுபோகும்?

துணியைக் கையால கிழிக்கிறது பண்பில்லாத வேலையாம். குயில்ற் தைக்கப் பழக்கிற ஒரு வகுப்பில எங்கட அக்கா ஒராளுக்கு இப்பிடிச் சொல்லியிருக்கினம். (குயில்ற் எண்டால் துண்டுத் துணிகளைப் பொருத்தி, நடுவில பஞ்சு வைச்சுத் தைக்கிற போர்வை. குளிர் நாட்டில இருக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.) அவ செய்த குற்றம், துணியின்ர கரையில சின்னனா ஒரு வெட்டு வெட்டிப்போட்டு 'சர்ர்ர்' எண்டு இழுத்தது. அடுத்த கிழமை சில்லுக் கத்தி, வெட்டுப் பலகை, அளவுகோல் மூண்டும் வாங்கிக்கொண்டு வரட்டாம். அக்கா பிறகு போகேல்லை. நானும் அவவும் ஒரே ரெஸ்ரோரண்ட் கிச்சினிலதான் வேலை. அந்த மூண்டும் எங்களுக்கு எத்தினை மணித்தியாலச் சம்பளம் எண்டு எனக்குத் தெரியும்.

காசை விடுங்கோ. சொன்ன விசயமே பிழை.

நெய்த துணியில பாவு நூல் நீளத்துக்கும் ஊடை நூல் குறுக்காலயும் போகும். கிழிசல் ஒரு நூலைப் பிடிச்சால் அந்த நூலோடதான் கடைசிவரை போகும். அளவுகோல் காட்டுறது அளவுகோலின்ர நேர். துணியின்ர நேர் வேற. கடையில சுத்தி வைச்சிருக்கேக்கையே துணி இழுபட்டுக் கோணியிருக்கும். அதை அப்பிடியே ரெண்டா மடிச்சு, மேல அளவுகோலை வைச்சு, பீற்சா வெட்டுற மாதிரி சில்லை ஓட்டினால் என்ன நடக்கும்? விரிச்சுப் பாக்க, மடிப்பு இருந்த இடத்தில துண்டு முறிஞ்சு வளைஞ்சு நிக்கும். நூலுக்குச் சாய்வா வெட்டுப்பட்ட துண்டு இழுபடும். போர்வையின்ர கரை அலையடிக்கும். ரெண்டுதரம் தோய்ச்சால் ஒரு பக்கம் கோணும்.

உந்தச் சில்லுக் கத்தியை யப்பான் நாட்டு ஒல்ஃபா நிறுவனம் கொண்டு வந்ததே 1979 இலதான். அதுக்கு முதல் தைச்சவையெல்லாம் பண்பில்லாத ஆக்களோ? அமெரிக்காவில அலபாமா மாநிலத்தில ஜீஸ் பெண்ட் எண்டொரு ஊர். அடிமைகளா இருந்தவையின்ர சந்ததியில வந்த கறுப்பினப் பெண்கள், வேலைக்குப் போட்டுத் தேய்ஞ்ச உடுப்புகளை வைச்சும் போர்வை தைச்சவை. 2002 இல ஹூஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்திலயும் பிறகு நியூயோர்க் விற்னியிலயும் அந்தப் போர்வைகளைச் சுவரில தொங்கவிட்டினம். 2006 இல தபால் முத்திரையும் வந்தது. அதில கனக்கக் கோடுகள் அளவுகோலுக்கு அடங்கினதில்லை.

எல்லாத்தையும் கிழியுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. ரெண்டரை அங்குலச் சதுரத்தைக் கிழிக்க வெளிக்கிட்டால் விசர்தான் பிடிக்கும். கிழிச்ச விளிம்பு கொஞ்சம் சுருளும், நூல் பறக்கும். தையலுக்கு விடுறதே கால் அங்குலம். சின்னத் துண்டு அந்தச் சேதத்தைத் தாங்காது. ரீசேர்ட் மாதிரிப் பின்னல் துணி நேராக் கிழியாது. அச்சுக் கோடு நூலோட பொருந்தாத துணியெண்டால் கோட்டைப் பாத்து வெட்டத்தான் வேணும். ஆனால் பின்பக்கத்துக்குப் போடுற பெரிய துணி, சுத்திவரப் பிடிக்கிற நீளக் கரை, இதுகளை ஏன் கிழிக்கக்கூடாது? நீளத்துக்குக் கிழிச்ச கரை பாவு நூலோட போகும். துணியில ஆகக் குறைய இழுபடுற பக்கம் அதுதான்.

யாழ்ப்பாணத்துப் புடவைக்கடையில அளந்து, கரையில ஒரு வெட்டுக் குடுத்துக் கிழிச்சுத்தான் தந்தவை. கோணல் எண்டு ஆரும் திருப்பிக் குடுத்ததை நான் காணேல்லை. 1995 ஒக்ரோபர் 30 இல வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தில கத்தரிக்கோல் தேடினது ஆர்? ஏணை கட்டவும் காயம் கட்டவும் அம்மாமார் சீலையைக் கையாலதான் கிழிச்சவை. அந்தக் கையைப் பாத்துப் பண்பைப் பற்றிக் கதைச்சால் எனக்கு ஆத்திரம் வராதோ?

வகுப்புக்குப் போற ஆக்களுக்கு ஒண்டு. பருத்தித் துணியை முதல் தோய்ச்சுக் காயவிடுங்கோ. ஒரு தலைப்பைக் கிழிச்சு, அயன் பண்ணி, சுருண்ட நூலை நறுக்கிப்போட்டு, அந்த விளிம்பில அளவுகோலை வைச்சு மிச்சத் துண்டுகளை வெட்டுங்கோ. சில்லுக் கத்தி இல்லாட்டி நல்ல கத்தரிக்கோல் ஒண்டு காணும்.