கூவத்தை அழுக்காக்கியவர் யார்? அப்புறப்படுத்தப்பட்டவர் யார்?

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் அமர்ந்திருந்தனர். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்தும் பணி நிரந்தரம் கோரியும் போராடிய அவர்களுள் பெரும்பான்மையினர் தலித் பெண்கள். இறுதியில் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. இதனை வெறும் தொழிற்சங்கப் பிரச்சினையாகக் கடந்துவிட முடியாது. நகரைத் தூய்மையாக்குவதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி இதனுள் இருக்கிறது.

சட்டத்தில் இக்கேள்விக்கு விடை உண்டு. மாசற்ற நீரும் காற்றும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டின் தோல் பதனிடும் ஆலைகள் குறித்த 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. சென்னையில் அக்கோட்பாடு தலைகீழாக நிற்கிறது.

கூவத்தை எடுத்துக்கொள்வோம். அந்த ஆறு சாக்கடையானதற்கு முதன்மைக் காரணம், நகரெங்கும் இருந்து மழைநீர் வடிகால்கள் வழியாக வந்து சேரும் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர். அடுக்குமாடிக் குடியிருப்புகள், உணவு விடுதிகள், வணிக வளாகங்கள் என எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனால், 600 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிடப்பட்ட ஆற்றுச் சீரமைப்புத் திட்டத்தில் வீடிழப்போர் பட்டியலில் இடம்பெற்றவை கரையோரத்தின் 14,000க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்கள். தலித் தலைவரும் அமைச்சருமாக இருந்த சத்தியவாணி முத்துவின் பெயரைத் தாங்கிய, தீவுத்திடல் அருகிலான குடியிருப்பு 2019 டிசம்பர் இறுதியில், கல்வியாண்டின் நடுவில் இடிக்கப்பட்டது. அம்மக்கள் பெருமளவில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர்.

ஆற்றைத் தூய்மைப்படுத்த வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கூவத்தின் நாற்றத்தையும் கொசுக்கடியையும் வேறெவரையும்விட அதிகமாகச் சுமந்தவர்கள் கரையோர மக்களே. வெள்ள ஆபத்திலிருந்து அவர்களைக் காப்பதற்கே இந்த இடமாற்றம் என்கிறது அரசு. அப்படியானால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய, மழைக்காலத்தில் நீர் சூழும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அவர்களைக் குடியமர்த்தியது ஏன்? வீட்டு வேலை, கட்டட வேலை, மீன் விற்பனை எல்லாம் நகரின் நடுவே இருக்க, அங்கிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் வீடு கொடுப்பது பிழைப்பைப் பறிப்பதற்கு ஒப்பாகும். வாழ்வாதாரம் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் கூறிய அதே உச்ச நீதிமன்றம், 2000இல் அல்மித்ரா படேல் வழக்கில், ஆக்கிரமிப்பாளருக்கு மாற்றிடம் தருவதைப் பிக்பாக்கெட்டுக்குப் பரிசளிப்பதோடு ஒப்பிட்டது. குப்பை மேலாண்மை குறித்த வழக்கில் குடிசை மக்கள் குற்றவாளிகளாயினர்.

குப்பையின் பாதையும் இதேதான். வடசென்னையின் கொடுங்கையூரில் 340 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் பல பத்தாண்டுகளாக நகரின் குப்பை கொட்டப்படுகிறது. அதன் புகையையும் கசிவுநீரையும் சுற்றியுள்ள உழைக்கும் மக்கள் சுமக்கின்றனர். இப்போது அங்கேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையையும் அமைக்க முற்படுகின்றனர். குப்பையை உருவாகும் இடத்திலேயே தரம்பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் கடமை விதித்தன. அக்கடமையை வசதி படைத்தோர் தட்டிக்கழிக்கும்போது, மிச்சம் தலித் பணியாளரின் கைக்கும் வடசென்னைக் குழந்தையின் நுரையீரலுக்கும் போய்ச் சேருகிறது. தீட்டைச் சிலர் தலையில் மட்டும் சுமத்திய சாதியம், நகரத்தில் மாசையும் அவ்வாறே பங்கிடுகிறது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். கழிவுநீர் கலக்கும் வாய்கள் அடைக்கப்படும் முன் எந்தக் குடியிருப்பும் அகற்றப்படக்கூடாது. மறுகுடியமர்வு தவிர்க்க முடியாததெனில் அது அருகிலேயே அமைய வேண்டும். 1971ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டம் இருக்கும் இடத்திலேயே மேம்படுத்தவும் வழி செய்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில், பாதிக்கப்படுவோரின் சாதி விவரம் கட்டாயமாகப் பதிவாக வேண்டும். தூய்மைப் பணி நிரந்தரப் பணியாக வேண்டும்.

சட்டம் பயிலும் மாணவத் தோழர்கள் ஒரு வேலையை இன்றே தொடங்கலாம். தங்கள் பகுதி ஆற்றில் கழிவுநீர் எங்கெங்கே, யாரிடமிருந்து கலக்கிறது, அவர்கள்மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். அந்த விடையை, இடிக்கப்பட்ட வீடுகளின் பட்டியலுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். அடுத்த வழக்கின் மனு அங்கிருந்தே தொடங்கும்.