குறவஞ்சி மேடு

தென்காசியிலிருந்து குற்றாலத்திற்குச் செல்லும் வழியில் மேலகரம் என்னும் ஊர் உள்ளது. திரிகூடராசப்பக் கவிராயர் தோன்றிய ஊர் அதுவே. குற்றாலநாதரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு அவர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சி, மலைவளமும் அருவியின் ஒலியும் ஒருங்கே விளங்கும் இனிய சிற்றிலக்கியமாகும். அந்நூலின் சுவையில் ஈடுபட்ட மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர், கவிராயருக்கு நிலம் வழங்கிச் சிறப்புச் செய்தார். அந்நிலம் குறவஞ்சி மேடு என்றே பெயர் பெற்றது. பாட்டைச் சுவைத்தவர் பாடியவரின் வாழ்வையும் எண்ணினார் என்பதற்கு அப்பெயரே சான்றாகும்.

இன்று நூல்களைப் படிப்பதற்குப் புதியதொரு பொறி வந்துள்ளது. அதனைச் செயற்கை நுண்ணறிவு என்பர். கதை எழுது என்றால் எழுதுகின்றது. பாட்டுக் கட்டு என்றால் கட்டுகின்றது. இவ்வாற்றல் அதற்கு எங்கிருந்து வந்தது? மனிதர் எழுதிய நூல்கள், செய்தித்தாள்கள், கட்டுரைகள், பாடல்கள் ஆகியவற்றினின்று எண்ணிறந்த பக்கங்கள் அதற்கு ஊட்டப்பெறுகின்றன. பொறி அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி, எத்துண்டின்பின் எத்துண்டு வருதல் இயல்பு என்பதைக் கணக்கிட்டுக் கணக்கிட்டுப் பழகுகின்றது. பழகிய பழக்கம் எண்களாக அதனுள் தங்குகின்றது. ஆகவே, அப்பொறியின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால், முன்பு இருந்து எழுதிய மனிதர் பலருடைய உழைப்பு உள்ளது. அவ்வுழைப்பை அவர்தம் இசைவின்றி எடுத்துக்கொள்ளலாமா என்பதே இக்காலத்து எழுந்துள்ள வினா.

எடுத்துக்கொள்ளலாம் என்பார் கூறும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. "மாணவன் ஒருவன் நூலகத்தில் நூறு நூல்களைப் படித்துப் பின் தானே ஒரு நூல் எழுதினால் அவனைக் கள்வன் என்பாருண்டோ? முன்னோரைப் பயிலாத புலவர் எவர்? பொறியும் அவ்வாறே பயில்கின்றது" என்பர் அவர். படித்தல் குற்றமன்று என்பது உண்மையே. குற்றாலத்தில் வாழ்ந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் கம்பனைக் கற்று, தாம் பெற்ற சுவையைத் தம்மை நாடி வந்தோர்க்கெல்லாம் வாரி வழங்கினார். அதனால் கம்பனுக்குப் புகழ் கூடிற்றேயன்றிக் குறைவு நேரவில்லை.

ஆயினும் மாணவனும் பொறியும் ஒன்றல்லர். மாணவன் நூலை விலை கொடுத்து வாங்குகின்றான். அல்லது வாங்கி வைத்த நூலகத்திற் படிக்கின்றான். ஆசிரியரை இன்னார் எனச் சொல்லி வணங்குகின்றான். அவன் கற்பது ஒரு மனிதன் தன் வாழ்நாளிற் கற்கும் அளவே. பொறியோ ஒரு வணிக நிறுவனத்தின் உடைமை. அது கற்றதெல்லாம் விற்பனைப் பொருளாகின்றது. எவருடைய எழுத்தைக் கொண்டு கற்றதோ, அவருக்கே அது போட்டியாக வந்து நிற்றலும் கூடும். நன்னூலார் மாணாக்கருள் ஒரு வகையினரைக் கிளிக்கு ஒப்பிட்டார். சொல்லிக் கொடுத்ததையே திரும்பச் சொல்வது கிளியின் இயல்பு. இப்பொறியும் சிற்சில வேளைகளில் பிறர் எழுதியதை ஏறத்தாழ அப்படியே ஒப்பித்துவிடுகின்றது. அப்போது பயிற்சி என்னும் பெயர் பொருந்துமா? படியெடுத்தல் என்பதன்றோ பொருந்தும்?

குற்றாலமலையிற் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியே ஓடுகின்றது. அதன் நீரை அள்ளிப் பருக எவரையும் கேட்க வேண்டுவதில்லை. ஆனால் உழவன் ஒருவன் பாறையை உடைத்துத் தோண்டிய கிணற்றில் நீர் இறைக்க வேண்டுமாயின், அவனைக் கேட்பதே முறை. கம்பன் கவியும் குறவஞ்சியும் சிற்றாற்று நீர் போன்றவை; யாவர்க்கும் பொது. இன்று வாழும் எழுத்தாளரின் நூல் அவர் தோண்டிய கிணறு. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியரின் வாழ்நாள் முழுமையும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் அவ்வுரிமையைக் காக்கின்றது. அதன்பின் கிணறும் ஊர்ப்பொதுவாகின்றது.

இவ்வழக்கு நீதிமன்றங்களுக்கும் சென்றுள்ளது. அமெரிக்க எழுத்தாளர் சிலர் ஆந்த்ரோபிக் என்னும் நிறுவனத்தின்மீது 2024-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். விலைக்கு வாங்கிய நூல்களைக் கொண்டு பொறியைப் பயிற்றுதல் சட்டத்திற்கு உட்பட்டதே என்றும், திருட்டுத்தனமாகப் பரப்பப்பட்ட படிகளை எடுத்துச் சேர்த்து வைத்தது குற்றமே என்றும் நடுவர் 2025-ஆம் ஆண்டு சூன் திங்களில் கூறினார். பின்னர் 150 கோடி டாலர் தருவதாக அந்நிறுவனம் உடன்பட்டது. நம் நாட்டில், ஏ.என்.ஐ. என்னும் செய்தி நிறுவனம் ஓப்பன் ஏஐ நிறுவனத்தின்மீது 2024-ஆம் ஆண்டு நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடிற்று. சட்டம் எந்நாட்டில் எவ்வாறு முடியினும், சட்டத்திற்கு உட்பட்டவை அனைத்தும் அறத்திற்கும் உட்பட்டவை ஆகிவிடா. கடைக்குச் சென்று ஒரு படி வாங்கியதனாலேயே ஆசிரியருக்குச் செய்ய வேண்டிய கடமை முடிந்ததா என்னும் வினா எஞ்சியே நிற்கும்.

அங்ஙனமாயின் நூல்களையெல்லாம் பூட்டி வைத்துவிடலாமா? அதுவும் தகாது. தமிழ் நூல்கள் பொறிக்குக் கிட்டாவிடின், அது தமிழைப் பிழைபடவே பேசும். பிற மொழியின் நடையைத் தமிழுக்கு மாட்டிவிடும். அப்பிழைத் தமிழையே நாளைய சிறுவர் படிக்க நேரும். கதவைச் சாத்துவதனால் வரும் இழப்பும் நமதே. எனவே, கொடுக்கலாமா கூடாதா என்பதனினும், எம்முறையிற் கொடுப்பது என்பதே ஆராயத்தக்கது.

அம்முறைக்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. தென்காசிக்கு அண்மையிலுள்ள கடையம், பாரதியார் மணம் செய்துகொண்ட செல்லம்மாளின் ஊர். 1918-ஆம் ஆண்டின் இறுதி முதல் 1920 வரை பாரதியார் அங்கு வாழ்ந்தார். தம் எழுத்துகளையெல்லாம் நூல்களாக அச்சிட அவர் அங்கிருந்து பெருந்திட்டம் வகுத்தார், பொருளுதவி வேண்டினார், உதவி போதிய அளவு வரவில்லை. 1921-ஆம் ஆண்டில் வறுமையிலேயே மறைந்தார். பின்னர், அவர் பாடல்கள் நாட்டுக்குப் பொதுவாதல் வேண்டும் என்னும் குரல் எழுந்தது. அன்றைய அரசு என்ன செய்தது? "பாடல்கள் மக்களுக்குரியவை" என்று கூறி அவற்றைப் பறித்துக்கொள்ளவில்லை. உரிமை யார் யாரிடம் உள்ளது என ஆராய்ந்து, குடும்பத்தார்க்குப் பொருள் அளித்து, 1949-ஆம் ஆண்டில் உரிமையைப் பெற்றது. இசைத்தட்டு முதலியவற்றில் பாடும் உரிமையை வைத்திருந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் ஒன்றும் பெறாமலே விட்டுக் கொடுத்தார். அதன்பின் அரசு அப்பாடல்களை யாவர்க்கும் பொதுவாக்கியது. வேறு பல எழுத்தாளர் நூல்களையும் பிற்காலத்தில் தமிழக அரசு இவ்வாறே நாட்டுடைமையாக்கிக் குடும்பத்தார்க்குப் பரிவுத்தொகை வழங்கியுள்ளது. பொதுநன்மை நிறைவேறிற்று, உரிமையாளரும் மதிக்கப்பெற்றனர்.

செயற்கை நுண்ணறிவுத் துறையிலேயே இதற்கு ஒரு சான்று காணலாம். 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த லால் சலாம் என்னும் திரைப்படத்தில், மறைந்த பாடகர்களான சாகுல் ஹமீது, பம்பா பாக்கியா ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் பொறியின் துணையால் மீண்டும் ஒலிக்கச் செய்தார். அவர்தம் குடும்பத்தாரிடம் இசைவு பெற்றதாகவும், உரிய ஊதியம் அளித்ததாகவும் அவர் அறிவித்தார். இருவர் குரலுக்குச் செய்தது இலட்சக்கணக்கான நூல்களுக்குச் செய்ய இயலுமா எனச் சிலர் வினவலாம். இலட்சக்கணக்கான நூல்களைப் படிக்கவல்ல பொறிக்கு, அவற்றின் ஆசிரியர் பெயர்களைப் பட்டியலிடுவது மட்டும் இயலாத செயலா?

நூலுக்கு முன்னுரையாக அமையும் பாயிரத்தில் இன்னின்னவை கூறப்பட வேண்டும் என நம் இலக்கணம் வகுத்துள்ளது. அவற்றுள் ஆசிரியர் பெயர் ஒன்று. நூல் வந்த வழி மற்றொன்று. பிறர் நூலைத் தழுவி எழுதுவது இழிவாகக் கருதப்படவில்லை. வழிநூல் என அதற்குப் பெருமையே தரப்பட்டது. ஆனால் வந்த வழியை மறைத்தல் முறையன்று. பொறியைப் படைப்போரும் இப்பாயிரத்தைக் கடன்பட்டுள்ளனர். எந்நூல்களைக் கொண்டு பயிற்றினர் என வெளிப்படையாகக் கூறுக. வாழும் ஆசிரியரிடம் இசைவு கேட்க. வரும் வருவாயில் அவர்க்குரிய பங்கை ஈக. இவை மூன்றும் அமையுமாயின் பொறியும் நல்லதொரு மாணாக்கனாகும்.

இக்கடமை நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. பொறி எழுதித் தந்த கட்டுரையைத் தன் கட்டுரை எனக் காட்டும் மாணவனும் வழியை மறைப்பவனே ஆவான். பிறர் உழைப்பால் பெற்றதை அவர் பெயரோடு சொல்லும் பழக்கம் பள்ளியிலேயே வேரூன்ற வேண்டும்.

மன்னர் பாட்டை வெறுமனே கேட்டு மகிழ்ந்து போயிருக்கலாம்; தடுப்பார் எவருமிலர். ஆயினும் அவர் நிலம் அளித்தார். மன்னராட்சி மறைந்தது, குறவஞ்சி மேடு என்னும் பெயர் மறையவில்லை. கவிராயரிடமிருந்து கொண்டதற்கு ஈடாக மன்னர் கொடுத்ததையே அப்பெயர் இன்றும் சொல்லி நிற்கின்றது.