மூடுவது 28ஆம் நாள், பதிவது மூன்றாம் மாதம்

கூமாப்பட்டியை 2025இல் ரீல்ஸ் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் பிளவக்கல் அணைத் தண்ணீரைப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீர் பாயும் வயலில் குனிந்து களையெடுக்கும் நம் பெண்களை யார் பார்த்தார்கள்?

ஒரு குழந்தை உதடு பிளந்தோ முதுகுத்தண்டு மூடாமலோ பிறந்தால், ‘கிரகணத்தன்று வெளியே போயிருப்பாள்’ என்கிறது ஊர். ‘மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டாள்’ என்கிறார்கள் படித்தவர்கள். இரண்டு தீர்ப்பிலும் குற்றவாளி தாய்தான்.

கிரகணத்துக்கும் உதட்டுப் பிளவுக்கும் தொடர்பே இல்லை. மாத்திரைக்கு வருவோம். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் வேண்டும். ஏற்கெனவே இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார்கள் கருத்தரிக்கும் முன்பே அதைச் சாப்பிட்டால், அது மீண்டும் வருவது சுமார் 70 சதவீதம் குறையும் என்று 1991இலேயே பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு காட்டிவிட்டது. ஆனால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் கேட்பது 12 வாரத்துக்குள் பதிவு. நாள் தள்ளிப்போனது உறுதியாகி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவள் ஆரம்ப சுகாதார நிலையம் போய்ச் சேரும்போது, அந்த 28 நாள் முடிந்துபோயிருக்கும். இது யார் தவறு?

அடுத்து, வயல். பூச்சிக்கொல்லி விஷத்துக்கு நம் ஊரில் பெயர் ‘மருந்து’. அடித்த மறுநாளே வெறுங்காலோடு இறங்குபவர் நிலத்தின் சொந்தக்காரர் அல்ல. காசர்கோட்டில் அரசு நிறுவனமான கேரளத் தோட்டக் கழகம், முந்திரித் தோட்டங்கள் மேல் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது. பிறவிக் குறையோடு பிள்ளைகள் பிறப்பதாகத் தாய்மார்கள் கதறியபோதும் ஆதாரம் கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2011இல். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் தரச் சொன்னது 2017இல்.

எல்லாப் பிறவிக் குறைக்கும் விஷமே காரணம் என்று சொல்லவில்லை. தாயின் சர்க்கரை நோய், ரூபெல்லா, நெருங்கிய சொந்தத்தில் மணம் எனக் காரணங்கள் பல. காரணமே தெரியாதவையும் உண்டு. ஆனால் தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டுவிட்டு விதி என்பது அயோக்கியத்தனம்.

நாம் கேட்பது இரண்டு. கல்யாணமான உடனே, கர்ப்பத்துக்குக் காத்திராமல், கிராம சுகாதார செவிலியர் ஃபோலிக் அமிலத்தைக் காலனி வீட்டுக்கே கொண்டுவர வேண்டும். மருந்து அடித்த வயலில் பெண்களை இறக்காத நாட்களுக்கும் கூலி வேண்டும்.

தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போதும்.