கொள்முதல் பயணமும் சீனி போடாத டீயும்

வெளியூர்க் கொள்முதலுக்குப் போகும் வியாபாரி சரக்கைக் கையில் அள்ளிப் பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார், ஈரம் இருக்கிறதா என்று கடித்துப் பார்க்கிறார், விலையை நாலு இடத்தில் விசாரிக்கிறார். அந்த மூன்று நாளில் தன் வயிற்றுக்குள் எவ்வளவு சீனி போயிற்று என்று மட்டும் பார்ப்பதில்லை. பருப்பு, வற்றல், சீரகம் மொத்த வியாபாரத்தில் 40 ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன் என்ற முறையிலும், 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவன் என்ற முறையிலும் நமது வணிகப் பெருமக்களிடம் இதுபற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

செல்போன் வந்த பிறகு பயணம் குறைந்துவிட்டது உண்மைதான். ஆனாலும் குண்டூர் மிளகாயின் காரத்தையும் ஊஞ்சா சீரகத்தின் மணத்தையும் போட்டோவில் பார்த்து வாங்க முடியாது. சீசனுக்கு ஒரு முறையாவது நேரில் போய்த்தான் ஆக வேண்டும். போனால் மண்டிக்கு மண்டி டீ வரும். தரகர் ஒன்று வாங்கித் தருவார், கமிஷன் கடையில் ஒன்று, லாரி செட்டில் ஒன்று, பேரம் முடிந்த சந்தோஷத்தில் இன்னொன்று. ஒரு டீக்கு 2 ஸ்பூன் சீனி என்றால் 8 முதல் 10 கிராம். நாளைக்கு 8 டீக்கு 65 முதல் 80 கிராம் ஆகிவிடும். மூன்று நாளில் கால் கிலோவுக்குப் பக்கம், டீயில் மட்டும்! நாளொன்றுக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள், அதாவது 6 ஸ்பூனுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அது நோய் இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு.

நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் விளிம்பில் இருக்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. காலை முதல் இரவு வரை கல்லாவை விட்டு எழுந்திருக்காத நம் தொழிலில் இந்த நோய்க்கு இடம் அதிகம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே 40 வயதைத் தாண்டிய வியாபாரி, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பயணத்தில் சர்க்கரைக்காரரைப் போலவே சாப்பிடலாம் என்பது என் கருத்து. வீட்டில் ஒழுங்காக இருப்பவர்கள்கூட, “வெளியே வந்த இடத்தில் என்ன செய்வது?” என்று மூன்று நாளைக்கு விடுமுறை எடுத்துக்கொள்கிறார்கள். உடம்பில் அந்த மூன்று நாளும் வரவு வைக்கப்படுகிறது.

இதற்குத் தடையாக இருப்பது எது? சாப்பாடு கிடைக்காதது அல்ல, வெட்கம்தான். “என்ன அண்ணாச்சி, வெறும் டீயா? கசக்காதா?” என்று நாலு பேர் முன்னால் கேட்பார்கள். அதைவிட ஒரு பயம் உண்டு. உடம்பு சரியில்லாதவர் என்று தெரிந்தால் பார்ட்டி சரக்கைக் கடனில் விட யோசிப்பாரோ என்று பலர் நோயையே மறைக்கிறார்கள். மறைப்பதற்காக நீட்டிய டீயைக் குடிக்கிறார்கள், தட்டில் வைத்த ஜிலேபியையும் எடுக்கிறார்கள். நான் எல்லா ஊர் மண்டியிலும் சொல்லிவிட்டேன். இதுவரை ஒரு மூட்டைகூட எனக்குக் கடன் குறையவில்லை. பில் தேதிக்குப் பணம் வருகிறதா என்றுதான் பார்ட்டி பார்க்கிறார், டீயில் சீனி இருக்கிறதா என்றல்ல.

ஊருக்கு ஊர் வழி வேறு. நம் பக்கம் டீக்கடையில் கிளாஸ் கிளாஸாக ஆற்றுவதால் சீனியை விட்டுவிடச் சொல்வது சுலபம். ஏலக்காய்க்காகப் போடி தாண்டி வண்டன்மேடு போகிறவர்கள் “வித்தவுட்” என்று ஒரே சொல் சொன்னால் போதும், கேரளத்து டீக்கடைக்காரர் மறுபேச்சுப் பேசமாட்டார். குண்டூரில் “சக்கர லேகுண்டா” என்றும், குல்பர்காவில் “சக்கரெ இல்லதெ” என்றும் கேட்க வேண்டும். வடக்கே போனால்தான் சிரமம். அங்கே பாலும் தூளும் சீனியும் ஒன்றாகப் போட்டே கொதிக்க வைப்பார்கள். வந்த டீயில் சீனியை எடுக்க முடியாது. அடுப்பில் ஏற்றும் முன்பே “பீக்கி சாய்” என்று சொல்லிவைக்க வேண்டும்.

சாப்பாட்டில் ஒளிந்திருக்கும் இனிப்பும் உண்டு. குஜராத் சாப்பாட்டில் பருப்பில், கடியில், கறிகாயில்கூட வெல்லமோ சீனியோ இருக்கும். கர்நாடகத்துச் சாம்பாரிலும் பல இடங்களில் வெல்லம் விழும். ஊஞ்சா பக்கம் போகும்போது நான் கம்பு ரொட்டியும் காய்கறியும் உப்பு மோரும் கேட்டு வாங்குவேன், பருப்பைக் குறைத்துக்கொள்வேன். குல்பர்காவில் நமக்குக் கவலையே இல்லை. சோள ரொட்டி, கீரை, நிலக்கடலைச் சட்னி. ருசியிலும் குறைவில்லை. ரொட்டி இரண்டோடு நிறுத்துவதுதான் கஷ்டம். குண்டூரில் பாசிப்பயறு அரைத்துச் சுடும் பெசரட்டு நல்ல காலை உணவு. அதற்குள் உப்புமா வைத்துத் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வழித்தீனிக்கு நாம் எங்கும் போக வேண்டாம். வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, வறுத்த கொண்டைக்கடலை எல்லாம் நம் கடையிலேயே இருக்கின்றன. ஒரு கைப்பிடி அளவு பொட்டலம் கட்டிப் பைக்குள் போட்டால், ரயிலில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கத் தோன்றாது. “சீனி சேர்க்காதது” என்று போட்ட பிஸ்கட்டும் மாவுதான். மாவும் உடம்பில் சர்க்கரையாகத்தான் மாறும்.

சீனியைத்தானே விடச் சொல்கிறீர்கள், வெல்லம், கருப்பட்டி சாப்பிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் வெல்லம் விற்றவன். எனக்கு வெல்லத்தின் மேல் கோபமில்லை. கருப்பட்டிக் காபியின் ருசியே தனி. ஆனால் சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான் வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பங்கு. கொஞ்சம் தாதுச் சத்து இருப்பதால் ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. “இது சர்க்கரைக்காரங்க தாராளமா சாப்பிடலாம்” என்று கடையில் நின்று சொல்லி விற்கும் சில்லறை வியாபாரிகளை நான் பார்க்கிறேன். அவர்கள் தெரியாமல் சொன்னாலும் வாங்குகிறவர் நம்மை நம்பித்தான் வாங்குகிறார். கால் கிலோ கூடுதலாக விற்பதற்காக அந்தச் சொல் வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால் பட்டினி கிடக்கச் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. சர்க்கரை நோயாளிக்குப் பயணத்தில் உடனடி ஆபத்து பட்டினியில்தான் இருக்கிறது. பருப்பு வியாபாரி ஒருவர் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஏலம் முடிந்து சாப்பிடலாம் என்று இருந்துவிட்டார். ஏலம் 12 மணிக்கு மேல் இழுத்துவிட்டது. வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியது. சுற்றி இருந்தவர்கள் குடித்திருக்கிறார் என்றே நினைத்தார்கள். விவரம் தெரிந்த சுமை தூக்குபவர் ஒருவர் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார். சில மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும். தன் மாத்திரை அந்த வகையா என்று ஊருக்குப் புறப்படும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சீனியை விட்டவர் சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்க வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 3 ஸ்பூன் அளவு தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்து, சரியாகாவிட்டால் மறுபடி குடித்து, பிறகு சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தைப் பஸ் டிக்கியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்கக் கூடாது. ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்தாலும் உறைந்து கெட்டுவிடும்.

ரயில்வேயே கொஞ்சம் கண் திறந்திருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கான உணவையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள ரயில்வே வாரியம் 2022 நவம்பரில் அனுமதி கொடுத்தது. நம் மண்டிகளும் நம் சங்கமும் ஏன் செய்யக் கூடாது? வெளியூர்ப் பார்ட்டி வந்து உட்கார்ந்தால் டீக்கு ஆள் அனுப்பும் முன், “சீனி போட்டா, போடாமலா?” என்று கேட்கலாம். கேட்பவரே அப்படிக் கேட்டால் வந்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை. மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு வேனிலும் பஸ்ஸிலும் ஆயிரக்கணக்கில் போகிறோம். நம் ஊர் வேனில் போகும் டிபன் பொட்டலத்தில் கேசரிக்குப் பதில் சுண்டல் வைக்கலாம், டீ கேனோடு சீனி போடாத கேன் ஒன்றும் தனியாக எழுதி ஒட்டி எடுத்துப் போகலாம். அடுத்த செயற்குழுவில் இதை நான் கேட்கப் போகிறேன். அந்த ஒரு கேனுக்கு ஆகும் செலவை என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.